பேனா வகை பிஎச் மீட்டர்: நாள்பட உழைக்க வைப்பது எப்படி?

வாங்கிய புதிதில், கரைசலின் அமில, காரத் தன்மையை அளக்கும் எந்த பிஎச் மீட்டரும் ஒழுங்காகத்தான் காட்டும். சில மாதம் போனால்தான் சாயம் வெளுக்கும். பெரும்பாலும் கெடுவது உள்ளிருக்கும் சர்க்யூட் அல்ல, நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழ்.

அந்தக் குமிழின் மேற்பரப்பு ஈரத்தில் ஊறியிருந்தால்தான் ஹைட்ரஜன் அயனிகளைச் சரியாக உணரும். காய்ந்துவிட்டால் எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்காகக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைக்கவும் கூடாது. எலக்ட்ரோடின் (குமிழ் பொருத்திய உணர்முனையின்) உள்ளிருக்கும் உப்புக்கரைசல் மெல்ல வெளியே கசிந்து நீர்த்துவிடும். மூடிக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு சில துளி விடுங்கள்: அந்தப் பொட்டாசியம் உப்பை 22.4 கிராம் எடுத்து நீரில் கரைத்து, மொத்தம் 100 மில்லி ஆக்கினால் அதுதான். காய்ந்துபோன குமிழும் இதில் ஓரிரவு ஊறினால் பெரும்பாலும் தேறிவிடும். மூடியோரம் பூக்கும் வெள்ளைப் படிவம் வெறும் உப்பு, அலசினால் போய்விடும். குமிழைத் துணியால் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.

எலக்ட்ரோடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். 7.00 பஃபரில் (பிஎச் முன்கூட்டியே தெரிந்த கரைசல்) மட்டும் அளவுதிருத்தம் செய்துவிட்டு, 4.01 பஃபரில் முக்குங்கள். 4.3 என்று காட்டினால், 2.99 அலகு நகர வேண்டியது 2.7தான் நகர்ந்திருக்கிறது, அதாவது சுமார் 90 சதவீதம். புதிய எலக்ட்ரோடு 25 டிகிரி செல்சியஸில் ஒரு பிஎச் அலகுக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் தரும். 85 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றிவிடுவதே மேல். 0.3 பிழைதானே என்று விடமுடியாது: பிஎச் மடக்கை அளவு (ஒரு அலகு என்றால் பத்து மடங்கு) என்பதால், அது ஹைட்ரஜன் அயனிச் செறிவில் இரண்டு மடங்கு வித்தியாசம்.

மீட்டரைத் திட்டும் முன் பஃபரைச் சந்தேகியுங்கள். 10.01 பஃபர் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை இழுத்துக்கொண்டு இறங்கிவிடும். பயன்படுத்தியதைத் திரும்ப பாட்டிலில் ஊற்றவே வேண்டாம்.

தானியங்கி வெப்பநிலை ஈடு இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி ஏமாறுபவர்கள் பலர். அது எலக்ட்ரோடின் மில்லிவோல்ட் மாற்றத்தை மட்டுமே சரிசெய்கிறது. சூடாகும்போது கரைசலின் பிஎச்சே மாறுமே, அதை அது தொடாது. 60 டிகிரியில் தூய நீரின் நடுநிலை சுமார் 6.5.

காய்ச்சி வடித்த நீரை அளந்து 7 வரவில்லை என்று புகார் சொல்வதும் வீண். காற்று பட்ட நீர் 5.6 அருகே வருவது இயல்பு. அயனிகள் குறைவென்பதால் எண்ணும் எளிதில் நிற்காது.

திரையில் இரண்டு தசம இடம் தெரிந்தாலும், இவ்வகை மீட்டரில் 0.1 வரை நம்பலாம். எலக்ட்ரோடைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.