1992ஆ, 2019ஆ? இரண்டு எம்எக்ஸ்-5 வண்டிகளோடு என் அனுபவம்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்ரோல் போடும்போதெல்லாம் தேதி, லிட்டர், ஓடோமீட்டர் எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவிடுவேன். 2013இல் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கைத் திறந்த காரை வாங்கிய அன்று தொடங்கிய நோட்டு அது. 1992இல் தயாரான 1.6 லிட்டர் வண்டி. 2019இல் அதே எம்எக்ஸ்-5இன் நான்காம் தலைமுறையையும் புதிதாக வாங்கினேன். பழையதைக் கொடுக்க மனம் வரவில்லை. அதன்பின் ஐந்து ஆண்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டினேன். பழையதா புதியதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பழையது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் இது அறிமுகமானபோது, இரண்டு பேர் உட்காரும் சின்னத் திறந்த கார் என்ற இனமே கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்தது. லோட்டஸ் எலான் போன்ற அறுபதுகளின் பிரிட்டிஷ் கார்களில் இருந்த துள்ளலை, தினமும் நம்பி எடுத்துப்போகக்கூடிய ஒரு வண்டியில் கொண்டுவர வேண்டும் என்பது நோக்கம். தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய். 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லை இந்த வண்டியோடு சேர்த்தே சொல்வார்கள். குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடலாக இருப்பது என்று பொருள். அது எனக்குப் புரிந்தது ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான். கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் நடுவில் எதுவும் முறுக்கிக்கொண்டு தாமதிக்காது. எஞ்சினின் சக்தி 115 குதிரைத்திறன் அளவுதான், ஆனால் வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. கால் அசைந்தால் வண்டி அசைகிறது.

ஸ்டீயரிங்கைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும். என் பழைய வண்டியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்ப இரண்டு கையும் தோளும் வேண்டும். வண்டி உருளத் தொடங்கியதும் அந்தக் கனம் கரைந்துவிடும். அப்புறம் சாலை உள்ளங்கைக்கு வந்துவிடும். தார் மாறினால் தெரியும், ஓரத்து மணல் தெரியும். வளைவில் முன் டயர் பிடியை விடப்போகிறது என்றால் ஸ்டீயரிங் முதலில் லேசாகும். கண்ணுக்குத் தெரிவதற்குள் கை அதைக் கண்டுபிடித்துவிடும். 185 மில்லிமீட்டர் அகலமே உள்ள 14 அங்குல டயர்கள் என்பதால் இதெல்லாம் மிதமான வேகத்திலேயே நடக்கும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவை ஒழுங்காக எடுத்துவிட்டு முகம் முழுக்கச் சிரிப்போடு வெளியே வரலாம். வேறு எந்த வண்டியிலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

புதியதில் மின்சார ஸ்டீயரிங். குறிபார்த்தால் குறி தப்பாது, வேகமாகவும் திரும்பும். ஆனால் பள்ளம் தெரியும், மணல் தெரியாது. முதல் ஆறு மாதம் இது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. அப்புறம் கை பழகிவிட்டது. சாலையின் செய்தி இப்போது இருக்கை வழியாகவும் முதுகு வழியாகவும் வருகிறது என்று கண்டுகொண்டேன். வளைவில் உடல் தாராளமாகச் சாயும், அந்தச் சாய்வைப் படிக்கப் பழக வேண்டும். நான்காம் தலைமுறை 2014இல் அறிமுகமாகி 2015இல் விற்பனைக்கு வந்தது. முப்பது ஆண்டுகளில் மற்ற கார்களெல்லாம் ஊதிப் பெருத்திருக்க, இதன் நீளம் முதல் தலைமுறையைவிடக் குறைவு. இதை வடிவமைத்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2018இல் 2.0 லிட்டர் எஞ்சினைத் திருத்தி நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை போகும்படி செய்தார்கள். அப்போதுதான் ஸ்டீயரிங்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதியும் வந்தது. உயரமானவர்கள் அந்த ஆண்டுக்குப் பிந்தைய வண்டியையே தேடுவது நல்லது. பழையதில் ஸ்டீயரிங் இருந்த இடத்தில்தான் இருக்கும், நாம்தான் மடங்கிக்கொள்ள வேண்டும்.

கூரையை மடக்குவதிலேயே இரண்டு காலமும் தெரியும். பழையதில் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பைத் திறந்து, ஜன்னலைப் பக்குவமாகப் படுக்கவைத்து, மேலே இரண்டு கொக்கிகளை விடுவித்து, அப்புறம்தான் கூரை. அவசரப்பட்டால் ஜன்னலில் மடிப்பு விழுந்து மங்கிவிடும். குளிரில் விரிசல் விடும். புதியதில் நடுவில் ஒரே கொக்கி. சிக்னலில் நிற்கும்போது உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னுக்குத் தள்ளிவிடலாம்.

இனி நான் செய்த தவறு. பழைய வண்டியின் கூரைத் துணியில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு வாய்க்காலில் சேர்ந்து, இரண்டு பக்கமும் உள்ள குழாய்கள் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே வடியும். ஒரு மழைக்காலம் முழுக்க நான் வண்டியை மரத்தடியில் நிறுத்தினேன். இலைச் சருகு ஒரு குழாயை அடைத்துவிட்டது. நீர் கதவுக்குக் கீழே இருக்கும் பெட்டி போன்ற உட்பகுதிக்குள் தேங்கி, தகட்டை உள்ளிருந்தே தின்றுவிட்டது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. கட்டைவிரலால் அழுத்தியபோது பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து முடிக்க ஆறு வாரம். அதன்பின் வளையும் தண்டுள்ள ஒரு நீளமான பிரஷ் வாங்கி, மாதம் ஒருமுறை இரண்டு குழாயையும் குத்திவிட்டு ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்ப்பேன். கீழே சொட்டும் சத்தம் கேட்டால்தான் நிம்மதி.

ஆகவே பழையது வாங்குபவர்கள் எந்த ஆண்டு, எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பிறகு கேளுங்கள். முதலில் கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் அழுத்திப் பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். கிளட்ச் மிதி தளர்வாக இருந்தால் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசியலாம், அது சின்ன வேலைதான். பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. அமில ஆவியை வெளியே விடும் குழாய் இல்லாத சாதாரண பேட்டரி வைத்திருந்தால் சுற்றியுள்ள தகட்டை நன்றாகப் பாருங்கள். எஞ்சின் எளிமையானது, கெட்டாலும் சரிசெய்துவிடலாம். தகடு போனால்தான் கஷ்டம். பாகங்கள் கிடைக்குமா என்ற பயம் முன்பு இருந்தது. 2017இல் மாஸ்டாவே ஜப்பானில் முதல் தலைமுறையைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தைத் தொடங்கி, கூரைத் துணி முதற்கொண்டு சில பாகங்களை மறுபடி தயாரித்ததால் அந்தப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

புதியதில் இவ்வளவு தேட வேண்டியதில்லை. சர்வீஸ் பதிவு முழுமையாக இருக்க வேண்டும். ஆரம்ப ஆண்டு வண்டி என்றால் கியர்பாக்ஸில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று ஓட்டிக் கேளுங்கள். இடைப்பட்ட இரண்டு தலைமுறைகளை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. இரண்டாவதற்கும் துருச் சோதனை அப்படியே பொருந்தும், மூன்றாவது சற்றுப் பெரிது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். பழைய வண்டி முதல் ஆறு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 9,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. புதியது வந்தபின் 4,000 ஆனது. அப்புறம் 2,600. கடைசி ஆண்டில் 1,400. புதியது எந்த ஆண்டும் 10,000க்குக் குறையவில்லை. பழையதைத்தான் அதிகம் நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே, சாவி மாட்டும் இடத்தில் புதியதன் சாவியைத்தான் கை எடுத்திருக்கிறது. மேகம் கறுத்தால் பழையது வேண்டாம், இருட்டினால் வேண்டாம், தூரமென்றால் வேண்டாம் என்று அதை நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

இன்னொன்றும் நடந்தது. என் மகள் முன் இருக்கையில் உட்கார்ந்து வரும் வயதுக்கு வந்துவிட்டாள். "அப்பா, கண்ணு முழிக்கிற வண்டியில போலாம்பா" என்பாள். பானட்டுக்குள்ளிருந்து எழும் அந்த ஹெட்லைட்டுகள்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. அந்த வண்டியில் ஏர்பேக் இல்லை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. ஒரு மாலை நனைந்த சாலையில் முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, நான் பிரேக்கை மிதித்தேன், சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி நேராக வழுக்கியது. மிதியை விட்டு மறுபடி மிதித்து ஒரு கை இடைவெளியில் நிறுத்தினேன். தனியாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். அவள் பக்கத்தில் இருந்தாள்.

எனக்கென்று இப்போது ஒரு தெளிவு இருக்கிறது. ஓட்டுவதற்கு ஒரே ஒரு வண்டி என்றால் புதியதை எடுங்கள். தினசரிக்கு வேறு வண்டி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கை அழுக்காவது பிடிக்கும், மழை படாத இடம் இருக்கிறது என்றால் பழையதை எடுங்கள், ஆனால் எடுத்தால் ஓட்டுங்கள்.

நான் 2024இல் பழையதை ஓர் இளைஞருக்குக் கொடுத்துவிட்டேன். பார்க்க வந்தவர் பெயின்ட்டைப் பார்க்காமல் முதலில் கதவுக்குக் கீழே குனிந்து அழுத்திப் பார்த்தார். அப்போதே முடிவு செய்துவிட்டேன். சாவி, ரசீதுகள், உதிரி பெல்ட் எல்லாம் கொடுத்தபின் அந்த நீளமான பிரஷையும் எடுத்துவந்து, கூரையைப் பாதி மடக்கி, குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று அவர் விரலைப் பிடித்தே காட்டினேன். ஒரு குவளை நீரை அவரே ஊற்றினார். கீழே சொட்டும் சத்தம் இருவருக்கும் கேட்டது.