எலோக்வென்டில் வித் எங்கே, ஜாயின் எங்கே? சில வருடப் புழக்கத்தில் கண்டவை

சில வருடங்களாக எனக்கு லாராவெலில்தான் (பிஹெச்பி மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் சட்டகம்) வேலை. பில்லிங், ஆர்டர் மாதிரியான வியாபார மென்பொருள்கள், டேட்டாபேஸ் பெரும்பாலும் மைஎஸ்கியூஎல். ஆர்டர், வாடிக்கையாளர், ஐட்டம், பேமென்ட் என்று நாலு டேபிளிலிருந்து எடுத்துக் காட்டாத பக்கமே கிடையாது. டேபிள்களைக் கோடிலிருந்து கையாளும் லாராவெலின் பகுதிதான் எலோக்வென்ட். இன்னொரு டேபிளின் தரவையும் எடுக்க அதில் இரண்டு வழி: தொடர்புடைய தரவைத் தனிக் குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) மொத்தமாக முன்கூட்டியே எடுக்கும் வித், டேபிள்களை ஒரே குவெரியில் இணைக்கும் ஜாயின்.

மாடலில் (ஒரு டேபிளுக்கான கிளாஸ்) பிலாங்ஸ்டூ (இது அதைச் சேர்ந்தது), ஹேஸ்மெனி (இதற்குப் பல உண்டு) என்று உறவை ஒருமுறை எழுதிவிட்டால் ஆர்டரிலிருந்து வாடிக்கையாளர் பெயருக்கு ஒரே அம்புக்குறியில் போய்விடலாம். அதையே லூப்புக்குள் செய்தால்தான் வினை. ஒரு பக்கத்தில் 50 ஆர்டர் காட்டி, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளரையும் ஐட்டங்களையும் கேட்டால் 101 குவெரி ஓடும், பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு. வித் போட்டால் மூன்றே மூன்று. ஆர்டருக்கு ஒன்று, மற்ற இரண்டுக்கும் வேர் இன் (ஐடிகளின் பட்டியலைக் கொடுத்து மொத்தமாகக் கேட்பது) வழியாக ஒவ்வொன்று. சொந்தக் கணினியில் பத்து ரோவை வைத்துச் சோதிக்கும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. 2021-இல் லாராவெல் 8-இல் வந்த பிரிவென்ட் லேசி லோடிங்கை (லூப்புக்குள் ஒவ்வொன்றாகக் குவெரி ஓட்டுவதைத் தடுக்கும் வசதி) அதனால்தான் புதிய திட்டம் எதிலும் முதலிலேயே போட்டுவிடுகிறேன். வித் விட்டுப்போனால் அங்கேயே எரர் விழும். லைவ் சர்வரில் மட்டும் அணைத்துவிடுங்கள்.

சரி, வாடிக்கையாளர் பெயர் வாரியாக ஆர்டர்களை வரிசைப்படுத்தச் சொன்னால்? வித் கைகொடுக்காது, பெயர் வருவதே இரண்டாவது குவெரியில்தான். இங்கே ஜாயின் வேண்டும். ஆனால் எலோக்வென்ட் மாடலில் ஜாயின் போட்டு, செலக்ட் (எந்த ஃபீல்டுகள் வேண்டும் என்பது) எதுவும் எழுதாமல் விட்டால் இரண்டு டேபிளின் ஐடியும் மோதி, பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும். ஆர்டர் 12 என்று நம்பித் திருத்தப் போவீர்கள். அது வாடிக்கையாளர் எண் 12 ஆக இருக்கும். சாஃப்ட் டெலீட்டும் (ரோவை அழிக்காமல் நீக்கியதாகக் குறித்து மட்டும் வைப்பது) இப்படித்தான். வித் அதை மதிக்கும். ஜாயினில் சேர்த்த டேபிளுக்கு அது பொருந்தாது, நீக்கிய வாடிக்கையாளர் மறுபடி வந்து நிற்பார். கவுன்டரில் பெயர் சொல்லாமல் வாங்கிப் போனவரின் ஆர்டரும் பட்டியலில் வர வேண்டுமென்றால், ஜோடி இல்லாத ஆர்டரையும் விடாத லெஃப்ட் ஜாயின்.

இதையெல்லாம்விட மோசம், ஐட்டங்களையும் பேமென்டையும் ஆர்டரோடு ஒரே ஜாயினில் இழுத்துக் கூட்டுவது. மூன்று ஐட்டம், இரண்டு பேமென்ட் உள்ள ஆர்டருக்கு ஆறு ரோ வரும். ஐட்டத் தொகை இரண்டு மடங்காகும், பேமென்ட் மூன்று மடங்காகும். சிலர் சம்முக்குள் (கூட்டல்) டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுப்பது) போட்டு ஒப்பேற்றுவார்கள். ஒரே தொகையை இரண்டு தவணையாகக் கட்டியிருந்தால் அதில் ஒன்று காணாமல் போகும். எலோக்வென்டின் வித்சம் ஒவ்வொன்றையும் தனி சப்குவெரியில் (குவெரிக்குள் ஒரு குவெரி) கூட்டித் தருவதால் இந்தத் தொல்லை இல்லை. ரிப்போர்ட்டுகளில் நான் அதைத்தான் நம்புகிறேன்.

ரொம்ப நாள் உறுத்திய குறை ஒன்று உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடைசி மூன்று ஆர்டர் வேண்டுமென்று வித்துக்குள் லிமிட் போட்டால், எல்லோருக்கும் சேர்த்தே மூன்றுதான் வரும். 2024-இல் வந்த லாராவெல் 11 இதைச் சரிசெய்துவிட்டது. பழைய பதிப்பில் இருப்பவர்களுக்கு இது ஒன்றே மேம்படுத்தப் போதுமான காரணம்.

அப்புறம், ரோக்களை வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ். மைக்ரேஷனில் (டேபிள் அமைப்பை எழுதும் கோப்பு) ஃபாரின்ஐடி (இன்னொரு டேபிளின் ஐடியை வைக்கும் ஃபீல்டு) என்று மட்டும் எழுதினால் வெறும் ஃபீல்டுதான் உருவாகும். கன்ஸ்ட்ரெயின்ட் (அந்த ஐடி அந்த டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு) சேர்த்தால் மைஎஸ்கியூஎல் தானே இன்டெக்ஸும் போட்டுக்கொள்ளும். இன்னொரு டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்யாது, அங்கே இன்டெக்ஸை நீங்களே எழுத வேண்டும்.