டார்க் ஷேடோஸா, சாத்தான் படங்களா? பழைய திகில் ரசிகர்களின் தீராத வழக்கு

'டார்க் ஷேடோஸ்' என்ற பழைய அமெரிக்கத் திகில் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களும் அதே காலத்து மாந்திரீகத் திகில் படங்களின் ரசிகர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். ஆனால் எது மேல் என்ற பேச்சு வந்ததும் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். தொடர் இழுவை, செட் ஆடுகிறது, நடிகர் வசனத்தை மறந்து விழிக்கிறார் என்பது படக் கட்சியின் வாதம். படத்தில் ஒருவரைத் தெரிந்துகொள்வதற்குள் அவர் செத்துப்போகிறார் என்பது தொடர்க் கட்சியின் பதில். இரண்டுமே உண்மை. தொடரைப் படத்துக்கான அளவுகோலால் அளக்கும்போதுதான் வழக்கு தீராமல் போகிறது.

முதலில் கணக்கு. டார்க் ஷேடோஸ் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை, வாரத்துக்கு 5 நாள், பகல் நேரத்தில் ஓடியது. மொத்தம் 1225 அத்தியாயங்கள். விளம்பரம் போக ஒன்று சுமார் 22 நிமிடம் என்றால் ஏறத்தாழ 450 மணி நேரம். தினம் ஒன்று பார்த்தால் மூன்று வருடம் நான்கு மாதம் தாண்டும். எதிர்ப்பக்கத்தில் 'நைட் ஆஃப் தி டெமன்' (1957), 'தி டெவில் ரைட்ஸ் அவுட்' (1968), 'ரோஸ்மேரிஸ் பேபி' (1968), 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973), 'தி ஓமன்' (1976) ஆகிய ஐந்தையும் சேர்த்தால் ஒன்பதரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தொடரில் அந்த நேரத்துக்கு 25 அத்தியாயம்தான் வரும். அதற்குள் காலின்வுட் மாளிகைக்கு வந்த கவர்னஸ் (வீட்டு ஆசிரியை) விக்டோரியா வின்டர்ஸ் அந்தக் குடும்பத்தாரின் பெயர்களையே அப்போதுதான் பழகியிருப்பாள்.

இதை வைத்து 'படம்தான் லாபம்' என்று முடிவுகட்டக் கூடாது. ஒரே கதையை இரண்டு வழியிலும் சொல்லிப் பார்த்த ஒரு சோதனை நம் கையிலேயே இருக்கிறது. (இங்கிருந்து கதை முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் நேரே கடைசிப் பகுதிக்குப் போகலாம்.)

ஒரே பர்னபாஸ், இரண்டு முடிவு

தொடரை உருவாக்கிய டான் கர்ட்டிஸே 1970-ல் 'ஹவுஸ் ஆஃப் டார்க் ஷேடோஸ்' என்ற படத்தை இயக்கினார். ரத்தக்காட்டேரி பர்னபாஸ் காலின்ஸாக அதே ஜோனதன் ஃப்ரிட், டாக்டர் ஜூலியா ஹாஃப்மனாக அதே கிரேசன் ஹால், மேகியாக அதே கேத்ரின் லீ ஸ்காட், வில்லி லூமிஸ் என்ற ஆளாக அதே ஜான் கார்லன். தொடரும் அப்போது தினமும் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரிட் படப்பிடிப்புக்குப் போயிருந்த வாரங்களில், இணை உலகம் ஒன்றுக்குள் போன பர்னபாஸைச் சவப்பெட்டிக்குள் அடைத்துவைத்து நாட்களை ஓட்டினார்கள்.

வில்லி நகைகளைத் தேடிக் கல்லறையில் சங்கிலி கட்டிய பெட்டியைத் திறக்கிறான். உள்ளிருந்து ஒரு கை வந்து அவன் கழுத்தைப் பிடிக்கிறது. தொடரில் இது 210-ஆம் அத்தியாயம், 1967 ஏப்ரல். அதிலிருந்து கதை பர்னபாஸ் மனிதனாக வாழ்ந்த 1795-ஆம் ஆண்டுக்குத் தாவும்வரை 150-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள், அதாவது 55 மணி நேரத்துக்கு மேல். படம் இந்தப் பகுதியை 97 நிமிடத்தில் முடித்துவிடுகிறது.

இந்தச் சுருக்கலில் என்ன போனது என்பதற்கு ஜூலியாவின் ஊசி ஒன்றே போதும். பர்னபாஸை மனிதனாக்க அவள் ஊசி போட்டு வருகிறாள். தொடரில், மருந்தை வேகப்படுத்தச் சொல்லி அவன்தான் வற்புறுத்துகிறான். ஆபத்து என்று அவள் எச்சரித்தும் கேட்பதில்லை. விளைவு, அடக்கிவைத்த வயது முழுவதும் ஒரேயடியாக அவன்மேல் இறங்குகிறது. படத்தில் இதே முதுமைக்கு ஜூலியாவின் பொறாமை காரணம். அவன் மனசு மேகியிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் வேண்டுமென்றே மருந்தை மாற்றிப் போடுகிறாள். அவன் அவள் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். அவள் கதை அத்தோடு சரி. தொடரில் அந்த ஜூலியா கடைசிவரை அவனுடைய ரகசியத்தைக் காத்து, அவனுக்காகப் பொய் சொல்லி, காலம் தாண்டியும் தேடிப்போகிறாள். ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்டுப் பெறாத அந்தக் காதலுக்காகவே தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள் உண்டு. 97 நிமிடத்தில் அதற்கு இடமே கிடையாது.

சாராவும் அப்படித்தான். 1795-ல் இறந்துபோன பர்னபாஸின் குட்டித் தங்கை, புல்லாங்குழலோடு ஆவியாக வருகிறாள். பர்னபாஸ் நிலவறையில் அடைத்துவைத்த மேகிக்குத் தப்பும் வழியை விடுகதைப் பாட்டாகச் சொல்லிக்கொடுக்கிறாள். அண்ணனிடம் மட்டும் பல வாரம் வருவதில்லை. கடைசியில் அவன் முன்னால் வந்து நிற்பது, நீ நல்லவனாக மாறும்வரை வர மாட்டேன் என்று சொல்லத்தான். அத்தனை வாரம் காத்திருந்த பிறகு வருவதால் அந்தக் காட்சி நெஞ்சைப் பிசைகிறது. படத்தில் சாராவே இல்லை.

படத்துக்கு என்ன கிடைத்தது? அசல் மாளிகை: நியூயார்க் மாநிலம் டாரிடவுனில் உள்ள லிண்ட்ஹர்ஸ்ட். பகல் தொடரில் காட்ட முடியாத ரத்தம். டிக் ஸ்மித் செய்த முதுமை ஒப்பனை. இதே கலைஞர்தான் மூன்று வருடம் கழித்து 'எக்ஸார்சிஸ்ட்'டில் நாற்பதுகளில் இருந்த மேக்ஸ் ஃபான் சீடோவை நடுங்கும் கிழப் பாதிரியாராக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்துக்கு ஒரு முடிவு கிடைத்தது: பர்னபாஸ் சாகிறான். தொடரிலும் சில வாரத்தில் அவனைக் கொன்றுவிடுவதாகத்தான் திட்டம். பார்வையாளர்களுக்கு அவனைப் பிடித்துப்போனதால் வில்லனாக வந்தவன் நாயகனானான். பயத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் படம்தான் ஜெயிக்கும். பர்னபாஸுக்காகப் பரிதாபப்பட வேண்டுமென்றால் தொடரை விட்டால் வேறு வழியில்லை.

சாபம் வேலை செய்யும் விதம்

மாந்திரீகக் கதையில் விதிமுறை தெளிவாக இருந்தால்தான் பயம் நிற்கும். இந்த விஷயத்தில் படங்கள் வெகுதூரம் முன்னால் நிற்கின்றன.

'நைட் ஆஃப் தி டெமன்' படத்தில் விதி இவ்வளவுதான்: பழைய ரூன் எழுத்து எழுதிய ஒரு காகிதத் துண்டு, வாங்குகிறவருக்குத் தெரியாமல் கைமாற வேண்டும், குறித்த நேரத்தில் அது யாரிடம் இருக்கிறதோ அவரைப் பேய் கொண்டுபோகும். பிரிட்டிஷ் மியூசியம் வாசிப்பறையில் அது நாயகன் ஹோல்டனிடம் வந்து சேர்கிறது. அவன் கையிலிருந்து நழுவி நேரே கணப்பை நோக்கிப் பறக்கிறது. எரிந்துவிட்டால் திருப்பிக் கொடுக்க வழியில்லை. கணப்பின் கம்பித் தடுப்பில் ஒட்டிக்கொண்டு, நெருப்புக்குள் போகத் துடிப்பதுபோல் படபடக்கிறது. காற்று நின்ற பிறகும் துடிக்கிறது. ஒரு காகிதத்தை வைத்து இதற்குமேல் பயமுறுத்த முடியாது.

தொடரிலும் இதேபோல் கைமாறும் சாபம் உண்டு. 1968-ல் வரும் கனவுச் சாபம் அது. ஒருவர் கெட்ட கனவு காண்பார், அடுத்தவரிடம் சொல்லாமல் நிம்மதி கிடைக்காது, கேட்டவர் அதே கனவைக் காண்பார். கடைசியில் அது பர்னபாஸை அடைந்தால் அவன் கதி முடிந்தது. விதி பிரமாதமானது. நடைமுறையில் சொதப்பிவிட்டது. ஒவ்வொருவருக்கும் கதவு தட்டும் சத்தம், அதே அறை, அதே வரிசைக் கதவுகள், அதே பாட்டு முழுவதுமாக மறுபடி. இது வாரக்கணக்கில் நீள்கிறது. தொடரை உயிராக நினைக்கிறவர்களே ஓட்டிவிடச் சொல்லும் பகுதி இது. 'ரூன்' காகிதம் ஒவ்வொரு முறை வரும்போதும் கெடு குறைகிறது. கனவுச் சாபத்தில் கெடுவே தெரிவதில்லை. தவறு அங்கேதான்.

ஆனால் அதே தொடரின் 1795 பகுதியில் ஏஞ்சலிக் என்ற சூனியக்காரி செய்யும் சூனியத்தை எந்தப் படத்தோடும் வைக்கலாம். பர்னபாஸ் சிறுவயதில் விளையாடிய பொம்மைச் சிப்பாயின் கழுத்தில் அவனுடைய கைக்குட்டையைச் சுற்றி இறுக்குகிறாள். வேறு அறையில் அவனுக்கு மூச்சு முட்டுகிறது. வீட்டுப் பொருளை வைத்தே வேலை முடிகிறது, செலவும் இல்லை. பிறகு அவன் அவளைச் சுடும்போது அவள் விடும் சாபத்தால்தான் அவன் ரத்தக்காட்டேரியாகிறான். முன்பு 150-க்கும் மேற்பட்ட அத்தியாயங்களில் நாம் பயந்த அத்தனைக்கும் காரணம் அங்கே விளங்குகிறது.

பிரிட்டிஷ் திகில் பட நிறுவனமான ஹாமரின் 'டெவில் ரைட்ஸ் அவுட்' சடங்குக்காகவே பார்க்க வேண்டியது. வழக்கமாக டிராகுலாவாக வரும் கிறிஸ்டஃபர் லீ இதில் நல்லவர் பக்கம். தரையில் சுண்ணக்கட்டி வட்டம், அதற்குள் நான்கு பேர், விடியும்வரை வெளியே கால் வைக்கக் கூடாது. குடிதண்ணீரின் ருசி கெட்டுவிட்டது என்று ஒருவர் சந்தேகப்படுவதில் தொடங்குகிறது தாக்குதல். இந்தச் சின்னச் சோதனைகள் அபாரம். ராட்சதச் சிலந்தி வந்ததும் பிடி தளர்கிறது. அது வேறு அளவில் எடுத்து ஒட்டியது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் மேதசன்தான் பிற்பாடு டான் கர்ட்டிஸுக்கு 'தி நைட் ஸ்டாக்கர்' (1972) எழுதினார்.

காட்டுவதா, மறைப்பதா

'நைட் ஆஃப் தி டெமன்' பற்றிய பெரிய சண்டையே இதுதான். படம் தொடங்கிய சில நிமிடத்திலேயே பேயை முழுசாகக் காட்டிவிடுகிறார்கள். அது தயாரிப்பாளர் முடிவு. இயக்குநர் ஜாக் டூர்னருக்கு அதில் விருப்பமில்லை. காட்டியிருக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஹோல்டன் எதையும் நம்பாத விஞ்ஞானி. அவனோடு சேர்ந்து நாமும் சந்தேகப்பட வேண்டிய ஒரு மணி நேரத்தை அந்த ஒரு காட்சி பறித்துவிடுகிறது.

'ரோஸ்மேரிஸ் பேபி' எதிர்முனை. தொட்டிலுக்குள் இருப்பதைப் படம் காட்டுவதே இல்லை. மியா ஃபாரோவின் முகத்தைத்தான் காட்டுகிறது. பக்கத்து ஃபிளாட்காரர்கள் கொடுத்தனுப்பும் சாக்லேட் மூஸில் சுண்ணாம்புப் பொடி மாதிரி ஒரு ருசி, தினமும் ஒரு கோப்பை மூலிகைச் சாறு. அன்பாகப் பேசியபடியே வீட்டுக்குள் வந்துவிடும் தீமை இது. தொடரின் இயல்புக்கு மிக அருகில் இருக்கும் படமும் இதுதான். 1968 கோடையில் இந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தபோது, தொடரில் நிக்கலஸ் பிளேர் என்ற மந்திரவாதி கோட்டு சூட்டோடு, ஏஞ்சலிக்கின் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு, காலின்வுட் வரவேற்பறையில் மரியாதையாக உட்கார்ந்திருந்தான்.

'எக்ஸார்சிஸ்ட்' எல்லாவற்றையும் காட்டியும் ஜெயித்தது. படுக்கையறை செட்டை உறைநிலைக்கும் கீழே குளிரவைத்து எடுத்தார்கள். பாதிரியார்கள் ஜெபம் சொல்லும்போது வாயிலிருந்து வருவது நிஜ மூச்சுப் புகை. அந்த ஒரு உண்மை மற்ற எல்லாவற்றையும் நம்பவைக்கிறது. 'ஓமன்' இந்த வரிசையில் ஒரு படி கீழேதான். மரணக் காட்சிகளையும், ஆஸ்கர் வாங்கிய ஜெரி கோல்ட்ஸ்மித்தின் லத்தீன் கோரஸையும் எடுத்துவிட்டால் மிச்சம் கொஞ்சம்தான்.

ஆடும் செட்

தொடரில் தவறுகள் ஏராளம் என்பதை மறுக்கவே வேண்டாம். மேலே தொங்கும் மைக் சட்டகத்துக்குள் வரும், கல்லறைக் கல் அசையும், ஃப்ரிட்டின் கண் டெலிப்ராம்ப்டரைத் தேடும். காரணம் தயாரிப்பு முறை. ஒரு நாளுக்கு ஓர் அத்தியாயம், நேரலைபோல ஒரே ஓட்டமாக வீடியோ டேப்பில் பதிவு. டேப்பை வெட்டி ஒட்டச் செலவு அதிகம் என்பதால், பெரிய விபத்து இல்லாவிட்டால் நிறுத்த மாட்டார்கள். அதே முறையால்தான் நடிப்பில் மேடை நாடகத்தின் அனலும் வந்தது. வசனம் தேடும் ஃப்ரிட்டின் தடுமாற்றம், தன் ரகசியம் வெளியே வந்துவிடுமோ என்று அஞ்சும் பர்னபாஸின் தடுமாற்றமாகவே பல இடங்களில் பொருந்திவிடுகிறது.

எதை, எந்த வரிசையில்

தொடரை முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. முதல் 209 அத்தியாயம் நிதானமான குடும்ப மர்மம். ஆவி வரும், ரத்தக்காட்டேரி இல்லை. 210-ல் தொடங்கி 460 வரை போங்கள். 1795 கதை அங்கே முடிகிறது. பிடித்திருந்தால் நேரே 701-க்குத் தாவி 1897-ஆம் ஆண்டுக் கதையைப் பாருங்கள். க்வென்டினாக டேவிட் செல்பி, தொடரின் உச்சம் அதுதான். அதன் பிறகு வரும் லெவையதன் கதை பொறுமைசாலிகளுக்கு மட்டும்.

டிவிடி வாங்குவதானால் கவனம்: 'கலெக்‌ஷன் 1' என்று போட்டிருப்பது 210-லிருந்துதான் தொடங்கும். அதற்கு முந்தையது 'தி பிகினிங்' என்ற தனித் தொகுப்பு. 295-ஆம் அத்தியாயத்திலிருந்து நிறம் வரும். அதன் பிறகும் நடுவில் சில கறுப்பு வெள்ளையில் வந்தால் தட்டில் கோளாறு இல்லை, அவற்றின் கலர் டேப் தொலைந்து ஃபிலிம் நகல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எண்கள் சில இடங்களில் தாண்டிப் போகும், கடைசி எண் 1245 என்றிருக்கும். ஒளிபரப்பு ரத்தான நாட்களின் எண்ணை விட்டுவிட்டு எண்ணியதால் அப்படி.

படங்களில் இரண்டுக்குப் பிரதி பார்த்து எடுக்க வேண்டும். 'நைட் ஆஃப் தி டெமன்' பெயரிலுள்ள 95 நிமிடப் பிரிட்டிஷ் பிரதி சரி. 'கர்ஸ் ஆஃப் தி டெமன்' என்ற அமெரிக்கப் பிரதியில் பத்து நிமிடத்துக்கு மேல் வெட்டு. 'எக்ஸார்சிஸ்ட்' முதல்முறை பார்க்கிறவருக்கு 1973-ன் 122 நிமிடப் பிரதிதான். 2000-ல் வந்த நீண்ட பிரதியில் சிறுமி மல்லாந்து படியிறங்கும் காட்சி இருக்கிறது. ஆனால் அங்கங்கே ஒட்டிய பேய் முகங்கள் பழைய அமைதியைக் கெடுக்கின்றன.

'ஹவுஸ் ஆஃப் டார்க் ஷேடோஸ்' படத்தை மட்டும் தொடரில் 1795-ஐ முடித்த பிறகே போடுங்கள். முன்னாலேயே பார்த்தால் ஜூலியாவை வெறும் பொறாமைக்காரியாக மனசில் பதித்துக்கொண்டுதான் தொடருக்குள் நுழைவீர்கள்; அந்தப் பிம்பத்தைக் கழுவ ஐம்பது அத்தியாயம் ஆகும்.