பானெட்டின் இடது மூலை: வில்லிஸ் ஜீப்பும் நகல் பாடியும், மூன்றாண்டு அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் அழைத்தார். அவரிடமும் என்னுடையதைப் போலவே இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் எம்பி ஜீப் ஒன்று இருக்கிறது. தரைத்தகட்டைத் துரு தின்றுவிட்டது, புதிய நகல் பாடிக்கு, அதாவது அசலைப் பார்த்து இன்று செய்து விற்கும் பாடிக்குச் சொல்லிவிடலாமா, பழையதை இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. "உங்கள் வண்டிதான் நகல் பாடியோடு புதிதுபோல நிற்கிறதே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. கிட்டே போனால் என் கண் நேராகப் பானெட்டின் முன் இடது மூலைக்குத்தான் போகிறது. மூன்று ஆண்டுகளாக அப்படித்தான்.

அந்த மூலை கிரில்லின் ஓரத்தைத் தாண்டி 2 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது. வலது மூலை அதே அளவு உள்ளே இழுத்திருக்கிறது. பானெட்டைப் பூட்டும் கொக்கிகள் இரண்டு பக்க மட்கார்டிலும் உண்டல்லவா? இடது கொக்கியைப் பூட்டக் கட்டைவிரலை ஊன்றி அழுத்தவேண்டும். வலது கொக்கி தொட்டவுடன் விழும், மேடுபள்ளமான பாதையில் டக்டக் என்று அடிக்கும். முதலில் இந்த விலகல் 5 மில்லிமீட்டர் இருந்தது. அதை 2 ஆக்குவதற்குள் நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

என் வண்டி 1944ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அந்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து வில்லிஸ், ஃபோர்டு இரண்டு ஜீப்புகளுக்கும் அமெரிக்கன் சென்ட்ரல் மேனுஃபேக்சரிங் என்ற ஒரே நிறுவனத்தின் பொதுப் பாடிதான் போனது. அந்த அசல் பாடியின் எமன் தரைக்கு அடியில் இருந்தது. தரையைத் தாங்கும் தொப்பி வடிவச் சட்டங்களுக்குள் பலத்துக்காக மரக்கட்டைகளைச் செருகியிருந்தார்கள். போருக்காகச் செய்த வண்டி எண்பது ஆண்டு ஓடும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்? மரம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டது, சட்டம் உள்ளிருந்தே துருவேறியது. நான் கழற்றியபோது ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு சட்டத்தைக் குத்தினேன். முனை தடையே இல்லாமல் உள்ளே போனது. வெளியே இழுத்தால் காப்பித்தூள் மாதிரி கருப்பாக, ஈரமாக, மக்கிய மரம் கொட்டியது. அந்தக் கணத்தில்தான் முழு பாடியையும் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். அவசர முடிவு.

நகல் பாடி வந்து இறங்கியதும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். சொன்னபடி 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர் தகடு. பின் மூலைகளின் வளைவு, பக்கவாட்டின் மடிப்புக்கோடு எல்லாம் அச்சில் அழுத்திய சுத்தம். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் குழியைத்தான் அதிகம் பயந்தேன். பழைய டேங்கை இறக்கினேன், எங்கும் உரசாமல் அமர்ந்தது. தரைச் சட்டங்களில் மரத்துக்குப் பதில் இரும்புப் பட்டை வைத்துப் பற்றியிருந்தார்கள். இந்த ஒன்றுக்காகவே செய்தவர்களைக் கும்பிடலாம்.

இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

பாடியை நான்கு பேர் தூக்கிச் சேசிஸ்மேல், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தின்மேல் வைத்தோம். முன்பக்க போல்ட்டுகள் இறங்கின. பின்பக்கத்தில் ஒரு துளைகூட நேர்ப்படவில்லை. அரம் வைத்து ராவித் துளைகளை நீள்வட்டமாக்கினேன். போல்ட் இறங்கியது, நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அடுத்து கிரில், மட்கார்டு, பானெட். அப்போதுதான் அந்த மூலை பல்லைக் காட்டியது.

இந்த வண்டியின் அமைப்பு தெரிந்தால்தான் அது ஏன் என்று புரியும். பானெட்டின் பின்விளிம்பு கீல் வழியாகப் பாடியின் நெற்றியில், அதாவது முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள முன்பகுதியில் தொங்குகிறது. முன்விளிம்பு கிரில்லின்மேல் உட்காருகிறது. கிரில்லோ சேசிஸைச் சேர்ந்தது. ஆகவே பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே எங்கே கோணல் இருந்தாலும் சாட்சி சொல்வது பானெட்தான். பாடியின் நெற்றி ஒரு பக்கம் 5 மில்லிமீட்டர் முன்னே போயிருந்தால், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் நீண்டு வரும் பானெட்டின் மூக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பக்கவாட்டில் திரும்பிவிடும். கீலின் துளைகளைப் பெரிதாக்கிச் சரிசெய்யலாம் என்பார்கள். நானும் செய்தேன். முன்னே சரியானது பின்னே நெற்றியோடு இடித்துப் பெயின்ட்டை உரித்தது.

டிங்கர் வேலை தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்தேன். அவர் சுத்தியலைத் தொடவே இல்லை. "முதலில் குறுக்களவு எடுங்கள் தம்பி, அப்புறம் யாரைத் திட்டுவது என்று பார்ப்போம்" என்றார். பாடியில் இடது முன்னிலிருந்து வலது பின்னுக்கும், வலது முன்னிலிருந்து இடது பின்னுக்கும் நாடா பிடித்தோம். இரண்டு அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். 8 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. நான் தயாரித்தவர்களைத் திட்ட ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு, பாடியை இறக்கச் சொல்லி, சேசிஸுக்கும் அதே குறுக்களவு எடுத்தார். அங்கே 3 மில்லிமீட்டர்! எண்பது ஆண்டுகளில் எங்கோ ஒரு பள்ளத்திலோ மோதலிலோ சேசிஸே லேசாகச் சாய்சதுரமாகியிருந்தது. ஆக, அந்த மூலையில் ஒரு பங்கு பழி என் வண்டிக்கு உரியது. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

ஆனால் மீதி? தொழிற்சாலையில் சட்டகத்தில் பூட்டி வெல்டிங் வைக்கும் பாடி எப்படிக் கோணலாக வரும்? பாடி செய்பவனின் அடிப்படை வேலையே குறுக்களவுதானே? மடிப்புக்கோட்டில் அவ்வளவு அக்கறை காட்டியவர்கள் ஒரு நாடாவை எடுத்துக் குறுக்கே பிடித்திருக்கக் கூடாதா? இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

முதலில் சேசிஸை நிமிர்த்தினோம். பிறகு பாடியின் உள்ளே மூலைக்கு மூலை ஹைட்ராலிக் ஜாக் கொடுத்து, ஒவ்வொரு மில்லிமீட்டராகத் தள்ளி, விட்டுப் பார்த்து, மறுபடி தள்ளினோம். தகடு ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும், கொஞ்சம் கூடுதலாகவே தள்ளவேண்டும். பயணி பக்கத் தரையில் இரண்டு ஸ்பாட் வெல்டிங் பற்று விட்டுப்போனது. அவற்றைத் துளையிட்டு நிரப்பிப் பற்றவைத்தேன். கடைசியில் பானெட் மூலையின் விலகல் 2 மில்லிமீட்டரில் நின்றது. அதற்குமேல் தள்ளினால் கதவு இல்லாத அந்தப் பக்கவாய்கள் சுருங்கும் என்று பெரியவர் நிறுத்திவிட்டார்.

இதே கோணல் ஸ்டியரிங்கில் என்ன செய்யும் என்பதையும் சொல்லவேண்டும், அது பார்வைக் குறை மட்டும் இல்லை. ஸ்டியரிங் பெட்டி சேசிஸில், அதன் தண்டு பாடியின் கால்பலகை வழியாக ஏறி டேஷ்போர்டில் பிடிக்கப்படுகிறது. பாடி நகர்ந்திருந்தால் தண்டு தானாக நிற்கும் இடமும் டேஷ்போர்டின் பிடியும் ஒத்துவராது. பலர் தண்டை இழுத்துப் பிடியில் மாட்டி இறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஸ்டியரிங் கனமாகும், பெட்டியின் பேரிங் தேயும். தண்டைச் சும்மா நிற்கவிட்டு, பிடியைத்தான் அதனிடம் கொண்டுபோகவேண்டும். கிளட்ச், பிரேக் பெடல்களும் சேசிஸில் ஊன்றிப் பாடியின் துளை வழியாக வருபவைதான். என் கிளட்ச் பெடல் துளையின் விளிம்பில் உரசி, அழுத்தினால் பாதியில் நின்றது. கவனிக்காமல் ஓட்டியிருந்தால் கிளட்ச் தேய்ந்தே போயிருக்கும்.

பெயின்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே பூசி வரும் கருப்பு பிரைமரை நம்பாதீர்கள். அது வழிப்பயணத்துக்கு மட்டும். தகடும் தகடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் உள்ளே பிரைமரே இல்லை. முதல் மழைக்காலம் முடிந்ததும் பின் சக்கர மேட்டின் மூட்டிலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு கோடு வடிந்திருந்தது. முழுவதும் இரும்புவரை சுரண்டி எபாக்சி பிரைமர் அடித்து, மூட்டுகளில் சீலன்ட் தடவி, தொப்பிச் சட்டங்களுக்குள் மெழுகு பீய்ச்சியபிறகுதான் அது நின்றது. இதை ஆரம்பத்திலேயே செய்தால் பாதி வேலை. கிரில், மட்கார்டு, பானெட், முன்கண்ணாடி, ஸ்டியரிங், பெடல், டேங்க் அத்தனையையும் கையால் மட்டும் முறுக்கி ஒருமுறை மாட்டிப் பார்க்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள்.

மூன்று ஆண்டு ஓட்டியதில் பாடி எப்படி? அருமை. மனதாரச் சொல்கிறேன். பழைய பாடியில் கரடுமுரடான ஏற்றத்தில் ஒரு சக்கரம் தூக்கினால் தரை முனகும், இருக்கை தனியாக ஆடும். இதில் அந்த முனகல் அடியோடு போய்விட்டது. மூட்டுகளில் செய்த வேலைக்குப் பிறகு ஒரு துருப்பொட்டு இல்லை. போன மாதம் டேங்கைத் தூக்கிக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், பெயின்ட் அடித்த நாளைப்போலவே இருந்தது. வலது கொக்கியின் டக்டக் மட்டும் இல்லாவிட்டால் இது அமைதியான வண்டி என்றே சொல்லலாம்.

அப்படியானால் நண்பருக்கு என்ன பதில்? வாங்காதீர்கள் என்றேன். அவர் திகைத்துப்போனார்.

காரணம் கோணல் மட்டுமில்லை. புதிய பாடி வந்த அதே வாரம் நான் பழையதை இரும்புக்குப் போட்டுவிட்டேன். டேஷ்போர்டில் உள்ள சின்னப் பெட்டியறையின் (கிளவ் பாக்ஸ்) மூடியை மட்டும், அதில் இருந்த தகவல் தகடுகளுக்காகக் கழற்றி வைத்துக்கொண்டேன். அந்தப் பழைய பாடி அழுகியிருந்தது தரையில்தான். நெற்றி, டேஷ்போர்டு, பின் சுவர் எல்லாம் உயிரோடு இருந்தன. அவை இருந்திருந்தால், நெற்றி எங்கே நிற்கவேண்டும் என்று ஒரு மணி நேரத்தில் அளந்து தெரிந்திருப்பேன். அப்படித் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு மாதம் ஆனது. ஓட்டுநர் பக்கம் கோடரியையும் மண்வெட்டியையும் மாட்டும் பிடிகளுக்கு இந்த நகல் பாடியில் துளைகள் தவறான உயரத்தில் இருக்கின்றன, கோடரி சாய்ந்து நிற்கிறது. சரியான உயரம் எது? அந்தத் தகட்டில் இருந்தது. உருக்கிவிட்டார்கள். 1944இல் யாரோ ஒருவர் கையால் பற்றவைத்த தகடு அது. தரைக்கும் சட்டங்களுக்கும் தனித்தனியாகவே நகல் கிடைக்கிறது, அவற்றை மட்டும் வாங்கி அதிலேயே பற்றவைத்திருக்கலாம்.

அதனால் நண்பரிடம் ஒன்றுதான் கேட்டேன். பாடியைத் தொடாமல், தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை அளவு நாடாவும் அட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். முதலில் அவர் சேசிஸின் குறுக்களவு. பிறகு அவருடைய இடது பக்கத் தகட்டின்மேல் அட்டையை ஒட்டி வைத்து, கோடரிப் பிடியின் துளைகளைப் பென்சிலால் பதித்துக்கொள்ள வேண்டும்.