கேனான் 200டி: நீண்ட நாள் புழக்கத்துக்குப் பிறகு

கேனான் இஓஎஸ் 200டி 2017-ல் வந்த கேமரா. 24 மெகாபிக்சல், பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) மட்டும் அரைக் கிலோவுக்கும் குறைவு. செகண்ட் ஹேண்டில் இதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம். பெரிய பாடிக்கு ஒதுக்கிய மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள். 4கே வீடியோ கட்டாயம் வேண்டுமென்றால் மட்டும் இது சரிப்படாது; 1080-க்கு மேல் இதில் கிடையாது.

கேமராவோடு கூட வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ் பகலில் நன்றாகவே எடுக்கும். வீட்டுக்குள் போனால்தான் திணறும். 55 மி.மீ.க்குத் திருப்பினால் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் (ஃபோகஸ் மோட்டார் வகை) லென்ஸ் அதே இடத்தில் ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கிட் லென்ஸில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 6400-ல் வைத்தும் நிழலெல்லாம் புள்ளி புள்ளியாக வந்த அதே கூடம், இதில் 800-க்குள் அடங்கிவிடுகிறது. எடை 160 கிராம்தான். நான் வாங்கியதிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது இதுதான்.

ஆனால் எப்போதும் 1.8-லேயே எடுக்க முடியாது. அப்பத்தாவை ஜன்னலோரம் உட்காரவைத்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தபோது இது நன்றாகப் புரிந்தது. அந்தத் தூரத்தில் துல்லியமாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. இமை முடி ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. காதில் தொங்கிய பாம்படம் வெறும் மஞ்சள் தீற்றலாகப் போனது. அப்பத்தாவுக்கு அந்தப் பாம்படம்தான் முக்கியம். எஃப் 5.6-க்கு மாற்றி, முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னதும் கண், காது இரண்டும் சேர்ந்து கிடைத்தன. அந்தப் படம் இப்போது கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது.

பறவை எடுக்க 55-250 எஸ்டிஎம். இந்தக் கேமராவின் சிறிய சென்சாரில் அது, பெரிய ஃபுல்ஃபிரேம் சென்சாரில் 400 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு நெருக்கம் காட்டும். வேடந்தாங்கலில் கரையோரம் வந்து இறங்கும் கூழைக்கடாவுக்கும் நத்தைகுத்தி நாரைக்கும் தாராளமாகப் போதும். ஏரி நடுவே கடம்ப மரத்தில் கூடு கட்டியிருப்பவை கைக்கு எட்டாது. அதற்காக இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள லென்ஸைச் சுமக்க எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் சிறகை நிறுத்தாது. பறக்கும்போது எடுக்க ஷட்டர் ஸ்பீடு 1/1600 நொடியைவிட மெதுவாகப் போகாமல் பார்த்துக்கொள்வேன். ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளியை மட்டும் நம்பலாம். இதே லென்ஸ் 85 செ.மீ. வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் என்பதால் தட்டானுக்கும் பட்டாம்பூச்சிக்கும் தனி மேக்ரோ லென்ஸ் தேவைப்படவில்லை.

பராமரிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த அனுபவம் முழுமையாகாது. சென்னை மாதிரி கடலோர ஊரில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. கேமராவைப் பையிலேயே வைத்து அலமாரியில் பூட்டுவது அதற்கு விருந்து வைப்பதுதான். பைத்துணி ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஒன்று, இவ்வளவுதான் செலவு. உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடுங்கள். அரிசி வேண்டாம், மாவுத்தூசிதான் மிஞ்சும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் லென்ஸ் பனிபூத்துவிடும் என்பதால், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே மூடிய பையோடு வெளியே வைத்துவிடுகிறேன்.

அடுத்து 10-18 மி.மீ. அகலக் கோண லென்ஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒடுக்கமான சன்னதித் தெருவில் நின்று கோபுரத்தை முழுசாக எடுக்க 18 மி.மீ. பற்றவில்லை. கேனான், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் திரும்பிவிட்டதால் இந்த லென்ஸ்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் குறைந்த விலைக்கு அமைகின்றன. பின்னாளில் மிரர்லெஸுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு ஓட்டலாம். போன வாரம் கடையில் ஒன்று பார்த்தேன். பின்பக்கம் மொபைல் டார்ச்சை அடித்ததும் உள்கண்ணாடியில் சிலந்தி நூல்போல மெல்லிய பூஞ்சை இழைகள் தெரிந்தன. விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.