எடுக்காத கழுத்து ஸ்கேனுக்கு ‘கோளாறு இல்லை’ என்று ரிப்போர்ட்: ஓர் எச்சரிக்கை

முதுகுத்தண்டுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவர்களும், வீட்டுப் பெரியவர்களை அதற்கு அழைத்துச் செல்கிறவர்களும் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நாங்கள் பணம் கட்டிய ஒரு பரிசோதனையை ஒரு ஸ்கேன் சென்டர் செய்யவே இல்லை. ஆனால் செய்ததாகவும், அதில் கோளாறு எதுவும் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தது. அந்த ஒற்றை வரியை நம்பியதால் என் அப்பாவுக்கு ஏழு மாதம் சிகிச்சை தவறான இடத்தில் நடந்தது.

அப்பாவுக்கு 63 வயது. திண்டுக்கல் பக்கம் நாற்பது ஆண்டுகளாகத் தையற்கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த பிறகு அவருடைய நடை தடுமாறத் தொடங்கியது. வலது காலிலிருந்து செருப்பு கழன்றுபோனதே தெரியாமல் பத்தடி நடந்து போவார். இடுப்பிலும் வலி இருந்தது. அதே நாட்களில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று கண்ணாடியை மாற்றினார். ஒரு நாள் காலையில் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்துத் துளைக்குள் நுழைக்க முயன்று, அது விரலிலிருந்து மூன்று முறை நழுவிய பிறகு, அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டுவிடச் சொன்னார். ஆயிரக்கணக்கான சட்டைகளுக்குப் பொத்தான் வைத்த கை அது. காலின் தடுமாற்றமும் கையின் தடுமாற்றமும் ஒரே இடத்திலிருந்து வரக்கூடும் என்பது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

பக்கவாதமாக இருக்குமோ என்று முதலில் மூளைக்குச் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சி.டி. என்பது எக்ஸ்ரே கதிரைக் கொண்டு எடுப்பது. மூளையில் புதிதாக ஏற்பட்ட இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் அது சில நிமிடங்களில் காட்டிவிடும். ஆனால் இரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதம் முதல் சில மணி நேரத்தில் சி.டி.யில் தெரியாமலேயே போகலாம், எம்.ஆர்.ஐ.யில் ‘டிஃப்யூஷன்’ என்ற முறையில் எடுத்தால்தான் அது சீக்கிரம் தெரியும். ஆகவே அறிகுறி தொடர்கிறபோது, சி.டி. நன்றாக இருக்கிறது என்பதோடு தேடுவதை நிறுத்திவிடக் கூடாது.

அடுத்து, இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ.யும், அதனுடன் முழு முதுகுத்தண்டுக்கும் ஸ்கிரீனிங் என்ற மேலோட்டமான படமும் எடுக்கும்படி மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். சென்டரில் போட்ட பில் 7,000 ரூபாய். அதில் 1,500 ரூபாய் ஸ்கிரீனிங்குக்கு என்று தனியாகவே அச்சாகியிருந்தது. அப்பாவுக்கு என்ன தொந்தரவு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. படிவத்தில் அறிகுறிக்கான கட்டத்தில் கவுண்டரில் இருந்த பெண்ணே ‘இடுப்பு வலி’ என்று எழுதிக்கொண்டார். பதினைந்து நிமிடத்தில் அப்பாவை வெளியே அழைத்து வந்துவிட்டார்கள். மாலையில் வந்த ரிப்போர்ட்டில் இடுப்பின் கீழ்ப்பகுதியில் இரண்டு இடங்களில் டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போல் இருக்கும் தட்டு, பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. கடைசியில், கழுத்து மற்றும் மார்புப் பகுதி ஸ்கிரீனிங்கில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை என்று ஒரு வரி இருந்தது.

டிஸ்க் பிதுக்கம் என்றதும் நாங்கள் அதையே நோய் என்று எடுத்துக்கொண்டோம். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-இல் அமெரிக்க நரம்புக் கதிரியல் இதழில் வெளியான ஆய்வின்படி, இருபது வயதினரிலேயே 30 சதவீதம் பேருக்கும், அறுபது வயதினரில் 69 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் காணப்படுகிறது. வயதானால் தோலில் சுருக்கம் விழுவதைப் போன்றதுதான் இது பலருக்கும். இதை முன்பே அறிந்திருந்தால், பெல்ட், இடுப்பை இழுத்துக் கட்டும் டிராக்ஷன், இடுப்பில் ஊசி என்று ஏழு மாதம் அலைந்திருக்க மாட்டோம். அதற்குள் அப்பாவால் சுவரைப் பிடிக்காமல் கழிவறைக்குப் போக முடியாத நிலை வந்துவிட்டது.

பிறகு மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் ஃபிலிமைக் கையில் எடுக்கும் முன்பே அப்பாவைப் படுக்க வைத்து முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் வெடுக்கென்று உதைத்தது. நடுவிரல் நகத்தைச் சுண்டினார்; கட்டைவிரல் தானாக உள்நோக்கி மடங்கியது. “ஐயா, சட்டைப் பொத்தான் போட முடியுதா?” என்று கேட்டார். எழுந்த பிறகு என்னிடம், “இது இடுப்பிலிருந்து வர்றதில்லைங்க. கழுத்து ஸ்கேன் எங்கே?” என்றார். நான் அந்தக் கடைசி வரியைக் காட்டினேன். சென்டரில் ஸ்கேன் படங்களைப் பதிந்து தந்திருந்த குறுந்தகட்டை அவர் கேட்டு வாங்கிக் கணினியில் போட்டுப் பார்த்தார். அதில் இருந்த படங்கள் எல்லாமே இடுப்புப் பகுதிப் படங்கள். அவற்றில் தெரிந்த மேல் எல்லை, மார்புப் பகுதியின் கடைசி இரண்டு முள்ளெலும்புகள்தாம். கழுத்துப் படம் ஒன்றுகூட இல்லை.

அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன். முதுகெலும்புக்குள் மூளையிலிருந்து இறங்கும் நரம்புத் தண்டான தண்டுவடம் பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள் மட்டுமே. எனவே இடுப்புக்கு மட்டும் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் தண்டுவடத்தின் நுனிதான் தெரியும். காலுக்குச் செல்லும் கட்டளைகள் எல்லாம் கழுத்தின் வழியாகவே இறங்குவதால், கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால், கழுத்தில் வலியே இல்லாமலும் நடை தள்ளாடலாம், விரல்கள் சொன்னபடி கேட்காமல் போகலாம்.

அவர் அனுப்பிய வேறொரு ஸ்கேன் சென்டரில் உள்ளே விடும் முன் கால் மணி நேரம் கேள்வி கேட்டார்கள். கழுத்து எம்.ஆர்.ஐ.யை அந்த மருத்துவர் திரையில் காட்டியது இன்னும் என் கண்முன் நிற்கிறது. டி2 என்னும் வகைப் படத்தில் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் வெள்ளைக் கோடாகத் தெரியும். அப்பாவின் படத்தில் நான்காம் முள்ளெலும்பிலிருந்து ஆறாம் முள்ளெலும்பு வரை அந்தக் கோடே இல்லை. சாம்பல் நிறத் தண்டுவடம் அங்கே நாடாவைப் போல் மெலிந்து, நடுவில் வெண்ணிறக் கறை ஒன்று இருந்தது. நசுங்கியதால் தண்டுவடத்துக்குள்ளேயே பாதிப்பு ஏற்பட்டுவிட்டதற்கு அந்தக் கறை அடையாளம் என்றார். பிறகு கழுத்துக்குச் சி.டி.யும் எடுத்தார்கள். முள்ளெலும்புகளின் பின்புறம் ஓடும் தசைநார் எலும்பாக இறுகியிருந்தது அதில்தான் தெளிவாகத் தெரிந்தது, எம்.ஆர்.ஐ.யில் தசைநாரும் இறுகிய எலும்பும் ஒரே கருமையாகத் தெரிவதால் பிரித்தறிவது கடினம். ஜப்பானியரிடம் அதிகம் காணப்படும் இந்நோய் நம்மவர்க்கும் வருகிறது.

அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகிறது. மேலும் மோசமாகாமல் தடுப்பதுதான் இந்த அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் என்றும், நாள் கடந்து வந்தால் இழந்தது முழுவதும் திரும்புவது கடினம் என்றும் முன்பே சொல்லியிருந்தார்கள். அப்பா இப்போது கைத்தடியோடு கடைக்கு வருகிறார், அளவு எடுக்கிறார், கத்தரிக்கோலைத் தம்பி பிடிக்கிறான்.

ஆகவே, ஸ்கேன் எடுக்கும் முன் எந்தப் பகுதி என்பதை மருத்துவரிடமே தெளிவாகக் கேட்டு, சீட்டில் அறிகுறிகளையும் எழுதி வாங்குங்கள். கைக்கும் காலுக்கும் சேர்ந்து தொந்தரவு இருந்தால் கழுத்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். ஸ்கிரீனிங் என்பது மேலோட்டமான பார்வைதான், முழுப் பரிசோதனைக்கு ஈடாகாது. ஃபிலிம் போதும் என்று வந்துவிடாதீர்கள். குறுந்தகட்டை வாங்கி, பில்லில் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் அதில் படம் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். முள்ளெலும்பை எண்ண நமக்குத் தெரியாவிட்டாலும், தாடையும் கழுத்தும் உள்ள படம் எது என்று யாருக்கும் தெரியும்.

முதலில் ஸ்கேன் எடுத்த அந்தச் சென்டரில் போய்க் கேட்டபோது, ஸ்கிரீனிங் படங்களைக் குறுந்தகட்டில் போடுவதில்லை என்றார்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் சொல்வதைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கேட்டேன். பதில் வரவில்லை, ஐந்தாம் நாள் தொலைபேசியில் அழைத்து 1,500 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நான் வாங்கவில்லை. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. எங்கள் மனு விசாரணையில் இருப்பதால் சென்டரின் பெயரை இங்கே எழுதவில்லை. பில், ரிப்போர்ட், கழுத்துப் படம் இல்லாத அந்தக் குறுந்தகடு ஆகிய மூன்றையும் மனுவோடு சேர்த்திருக்கிறேன்.