உப்புக்காற்றில் பழைய வீட்டு அடுப்படி: எது நிற்கிறது, எது உதிர்கிறது

கீழக்கரை, மண்டபம், பாம்பன் பக்கத்துப் பழைய வீடு. பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர். எட்டுக்கு ஆறு அடியில் அடுப்படி. இதைச் சொந்தக் கையால் புதுப்பிக்கிறவர்கள் பணத்தில் பெரும்பகுதியை டைல்ஸுக்கும் கபோர்டுக்கும் ஒதுக்கிவிடுகிறார்கள். நாலைந்து ஐப்பசி மழை கண்ட அடுப்படிகளைப் பார்த்தால், வேலை நின்றதும் போனதும் இரண்டு விஷயத்தால்தான்: தரையிலிருந்து மூன்றரை அடி வரைக்குமான சுவர், கண்ணில் படாத இடத்து இரும்பு.

முதலில் சுவர். நிலத்தடி நீரோடு உப்பும் கல்லுக்குள் ஏறும். தண்ணீர் காய்ந்து வெளியேறும் இடத்தில் உப்பு மட்டும் தங்கிப் படிகமாகி, பூச்சைத் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூச்சு விடாது. அதனால்தான் ஓதம் (கீழிருந்து ஏறும் ஈரம்) பிடித்த சுவரில் சிமெண்ட் பூசினால் முதல் வருடம் பளிச்சென்று இருந்துவிட்டு, பிறகு உப்பித் தகடாக விழுகிறது. அடைபட்ட ஈரம் இன்னும் ஓர் அடி மேலேறுகிறது. வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தாலும் கதை இதேதான். பெயிண்டுக்குக் கொடுத்த காசு தண்டம்.

செய்ய வேண்டியது: ஓதக்கோடு எங்கே நிற்கிறதோ அதற்கு ஓர் அடி மேல் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். சிறு உளியும் சுத்தியலும் போதும். பிரேக்கர் மெஷின் வைத்தால் பவளக்கல் அசைந்துவிடும். அப்படிக் கழன்ற கல்லைத் தூக்கி எறியாதீர்கள். பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, புதுக்கல் வெட்ட முடியாது. அதே கல்லை அதே இடத்தில் வைத்துத்தான் கட்ட வேண்டும். கல் இடுக்குகளை முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உதிர்ந்த பொடியை அன்றன்றைக்கே வீட்டுக்கு வெளியே அள்ளிவிட வேண்டும். பங்குனியில் கொத்தினால் சுவர் காயக் கோடை முழுக்கக் கிடைக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க, ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் துளி கட்டினால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் கட்டினால் அது அறையின் ஈரம், கவலையில்லை.

பூச்சுக்குச் சுண்ணாம்பு விழுது ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. இந்த அளவு அறையில் நாலு அடி உயரத்துக்குச் சுமார் 100 சதுர அடி வரும். இரண்டு பூச்சும் சேர்ந்து 20 மில்லிமீட்டர், இடுக்கு நிரப்புவதையும் கணக்கில் எடுத்தால் மணல் 10 கன அடி, விழுது மூன்றரைக் கன அடி. கல்சுண்ணாம்பை வீட்டில் நீற்ற வேண்டாம். கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். நீற்றி ஊறிய விழுதாகவே வாங்குங்கள். பூசும்போதும் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். கடற்கரை மணல் கூடவே கூடாது. எம் சாண்ட் நல்லது, சன்ன ரகமாக, பூச்சு வேலைக்கென்று கேளுங்கள். குழைக்க உவர்க் கிணற்றுத் தண்ணீர் எடுத்தால், கொத்தி வெளியேற்றிய உப்பை நாமே திரும்பக் கொண்டுவருகிறோம். காவிரிக் குடிநீரோ சேமித்த மழைநீரோ எடுங்கள், செலவாகும் அளவு கொஞ்சம்தான். கடுக்காய், வெல்லம் சேர்ப்பது பழைய முறை. இவ்வளவு சின்னச் சுவருக்கு அது இல்லாமலும் நிற்கும்.

முதல் பூச்சு நகம் பதியாத அளவு இறுகிய பிறகே இரண்டாவது. இந்தக் கரையில் கெடுவது இங்கேதான். கச்சான் காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் ஜன்னல் திறந்திருந்தால் பூச்சு ஒரே பகலில் காய்ந்து தலைமுடி மாதிரி வெடிப்பு விடும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரமாவது மெதுவாக ஆறவிடுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள், எமல்ஷன் வேண்டாம். டைல்ஸ் ஆசை இருந்தால் மேடைக்கு மேலே, அந்தப் பிளாஸ்டிக் தாள் சோதனையில் தேறிய பகுதியில் இரண்டு அடி உயரம் போதும்.

மேடைக்குக் கம்பி கட்டி கான்கிரீட் போடச் சொல்லும் கொத்தனார்தான் அதிகம். கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். கம்பியுள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கரையோர உவர்க் கிணற்றை நம்பி அந்த வேலையில் இறங்க முடியாது. கம்பியே இல்லாத மேடை சுலபம்: கடப்பா கல்லை நிறுத்திக் கால்கள், இடைவெளி இரண்டரை அடிக்குள். மேலே ஒரு கடப்பா பலகை, அதன்மேல் 18 முதல் 20 மில்லிமீட்டர் கிரானைட். சிங்க்குக்கு வெட்டிய இடத்தில் கல் பலவீனப்படும். அங்கே இருபுறமும் கால் வேண்டும், முன்விளிம்பில் மூன்று அங்குலமாவது விடுங்கள். பலகையைச் சுவருக்குள் செருக வேண்டாம். பவளச் சுவரில் காடி வெட்டினால் சுற்றியுள்ள கல்லும் தளரும். சுவரோரம் 5 மில்லிமீட்டர் விட்டு சிலிக்கான் நிரப்பினால் போதும். உயரம் 32 முதல் 34 அங்குலம், சமைப்பவர் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே. கல்லின் அடிப்பக்கம், முன்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளி, மெல்லிய காடி ஒன்று இழுத்துவிட்டால் வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டும், கீழ்த்தட்டுக்கு ஓடாது. கல் அறுக்கிற கடையிலேயே இதைச் செய்து தருவார்கள், கேட்டால்தான்.

இனி எஃகு. துருப்பிடிக்காத எஃகில் 202, 304, 316 என்று ரகங்கள் உண்டு. தினம் கழுவப்படும் 304 சிங்க் பல வருடம் ஆனாலும் பெரிதாக மாறுவதில்லை. அதே 304-இல் செய்த ஸ்க்ரூ கபோர்டு மூலையில் பழுப்புப் புள்ளி போடுகிறது, உப்பு அதன்மேல் படிந்து கழுவப்படாமல் கிடப்பதால். 202 என்றால் இன்னும் சீக்கிரம். காந்தம் வைத்துப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது; 202, 304 இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குங்கள். கழுவ முடியாத இடத்து ஸ்க்ரூவுக்கு மட்டும் மாலிப்டினம் கலந்த 316 வாங்கினால் கூடுதல் செலவு சில நூறுக்குள் அடங்கும். முதலில் போவது கபோர்டு கீல், அதிலும் தானாக மெல்ல மூடுகிற வகை: உள்ளே இருப்பது முலாம் பூசிய சாதா எஃகு. மேடைக்குக் கீழே கதவே வைக்காமல் கடப்பா தட்டும் துணித்திரையும் விடுவது நல்லது. சுவருக்கும் காற்றுப் படும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை ஊறாது; ஆனால் இரண்டு அடிக்கு மேல் தாங்கலின்றி விட்டால் தொய்யும், அடுப்புக்குப் பக்கத்தில் இளகும். அலுமினியச் சட்டத்தில் எஃகு ஸ்க்ரூ இறங்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், இடையில் நைலான் வாஷர் போடுங்கள். பி.டி.எம்.டி. என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த குழாய்த் திருகு பார்க்க எடுப்பாக இருக்காது. குரோம் பூசிய திருகு உரிந்து கெட்டித்துப்போகும் தண்ணீரில் இது திரும்பிக்கொண்டே இருக்கும்.

மின்சாரம்: பவளச் சுவரை வெட்டாமல் பி.வி.சி. பைப்பை வெளியே ஓடவிடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு 16 ஆம்பியர் சாக்கெட், மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் தானே துண்டிக்கும் சுவிட்ச்). இந்த வேலைக்கு மட்டும் லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

கேஸ் சிலிண்டர் அடிவளையம் ஈரத் தரையில் துருவும், கடப்பா துண்டின் மேல் நிறுத்துங்கள். ரப்பர் டியூப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கும். அதனால் கதவடியிலோ சுவரடியிலோ ஒரு துவாரம் திறந்திருக்கட்டும். அந்தத் துவாரத்துக்கும் ஜன்னலுக்கும் நைலான் வலை. இரும்பு வலை வாங்க வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் கீழ்ச்சுவரைப் பிரஷ்ஷால் தட்டி ஒரு கை வெள்ளை அடித்துவிட்டால் அந்த வருட மழைக்குப் போதும்.